வெளிநடப்புக்கு முன் ஒரு டீ

நகர்மன்றக் கூடத்தில் ஆளுங்கட்சியின் இரண்டு கோஷ்டிகளும் 'ங்க' போட்டே திட்டிக்கொள்கின்றன. தலைவர் நஞ்சுண்டன் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். மைக் நன்றாகத்தான் இருக்கிறது. "போலாமுங்க" என்று ஒரு கோஷ்டியின் வெள்ளியங்கிரி எழ, அவருடைய பன்னிரண்டு பேரும் எழுகிறார்கள். அவர்கள் வெளியேறினால் கூட்டம் நடத்தத் தேவையான கோரம் இருக்காது. மூன்று கூட்டமாகத் தள்ளிப்போன குடிநீர்க் குழாய்த் தீர்மானம் இன்றும் தள்ளிப்போகும். வாசலை அடைத்தபடி, ஆவி பறக்கும் டம்ளர்களோடு ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் தாஜுன்னிசா நிற்கிறார். "ஏனுங்கண்ணா, டீ குடிச்சுப்போட்டுப் போங்க." நீட்டிய டம்ளரை மறுத்து இந்த ஊரில் யாருக்கும் பழக்கமில்லை. எல்லோரும் திரும்ப உட்கார்ந்து ஊதுகிறார்கள். தலைவருக்கும் ஒரு டம்ளர். பக்கத்தில் தீர்மானத் தாள். அவர் வாசிக்கிறார். ஆட்சேபிக்க வேண்டியவர்களின் வாயில் டீ. "நிறைவேறிடுச்சுங்க" என்கிறார் தலைவர். வெள்ளியங்கிரி காலி டம்ளரைத் தட்டில் வைக்கிறார். "டீ நல்லா இருந்துச்சு அம்மணி" என்று சொல்லிவிட்டு வெளிநடப்புச் செய்கிறார்.