நான்தான்

அப்பா இறந்து ஒரு மழைக்காலம் முழுசாகக் கழிந்த பிறகு, மகளுக்கு அவரிடமிருந்து மெயில் வந்தது.

விடுமுறை நாள், மத்தியான வேளை. கட்டிலில் சாய்ந்தபடி போன் திரையைத் தள்ளிக்கொண்டே போனவளின் விரல் அப்படியே நின்றது. சின்ன வட்டத்துக்குள் அப்பாவின் முகம். தன் போட்டோ ஸ்டுடியோவில் அவரே எடுத்துக்கொண்ட படம்.

'நான்தான். ரொம்ப நாளாச்சு, இல்ல? நேரத்துக்குச் சாப்பிடுறியா? உடம்பைப் பாத்துக்கோ. உன்னைப் பத்தியேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். உன்னோட பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சுது. கீழே தொட்டுப் பாரு.'

இது நடக்காத காரியம் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் முகவரி அவருடையதேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. பேச்சும் அவருடையது. ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்பது காதில் விழுந்த மாதிரி இருந்தது.

தொட்டாள். அவளுடைய மெயில் பாஸ்வேர்டைக் கேட்டது. போட்டாள்.

திரை வெள்ளையானது. வெள்ளையாகவே நின்றது. போட்டோ எதுவும் வரவில்லை. அந்த வெள்ளைக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு தன்னையே பார்ப்பதாகத் தோன்ற, போனைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள்.

அம்மா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே திறந்திருந்த லேப்டாப்பிலும் அதே வட்டம், அதே முகம், அதே வரிகள்.

"ஆமாம்மா, என் வீட்டுக்காரர் பேர்லதான் வந்திருக்கு. அவர் இறந்துட்டார். மோசடின்னு மெயில்லேயே புகார் பட்டனைத் தட்டிட்டேன். உங்ககிட்டயும் பதிவு பண்ணிடுறேன். அந்தக் கணக்கையே மூடிடுங்க."

பேசியது இணைய மோசடிப் பிரிவு அதிகாரியிடம். கணக்கை முடக்கினால் அவருடைய பழைய மெயில்களையும் இனிப் பார்க்க முடியாமல் போகலாம் என்று அந்த அதிகாரி எச்சரித்தாள் போலிருக்கிறது. பரவாயில்லை, மூடிவிடுங்கள் என்றாள் அம்மா. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

அப்பாவின் முகத்தைத் திரையில் பார்த்தும் அம்மாவின் கண் கலங்கவில்லை. ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல் புகார் செய்திருக்கிறாள்.

அதற்குள் மகளின் போன் அதிர்ந்தது. பேங்க்கிலிருந்து ஒரு ரகசிய எண். அவள் கேட்காத எண். உடனே இன்னொன்று. யாரோ அவசர அவசரமாகக் கதவைத் தட்டுகிற மாதிரி எண்கள் வந்துகொண்டே இருந்தன. அடுத்து அவள் தோழி கூப்பிட்டாள். உன்னிடமிருந்து ஒரு விசித்திரமான மெயில் வந்திருக்கிறதே, 'நான்தான்' என்று ஆரம்பிக்கிறதே, அது என்ன என்று கேட்டாள்.

மகள் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அம்மா திட்டவில்லை. எந்த எண்ணையும் யாருக்கும் சொல்லாதே என்றாள். பேங்க்கைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தவைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றவைத்தாள். பேங்க்கில் இருந்த காசு போகாமல் தப்பியது.

ஆசுவாசமான பிறகு மகள் கேட்டாள்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா உடனே தெரிஞ்சுது?"

"செத்துப்போனவங்க மெயில் அனுப்ப மாட்டாங்க. அவ்வளவுதான்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

சித்தப்பாவும் கூப்பிட்டார். அவருக்கும் வந்திருக்கிறது. அவரும் தொட்டிருக்கிறார். அண்ணனே எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது என்று தேம்பினார். கணக்கை மூடச் சொல்லிவிட்டதாக அம்மா சொன்னதும் அழுகை நின்றது. உங்களுக்கு எப்படி அண்ணி மனசு வந்தது, எங்க அண்ணன் உங்களை எப்படி வச்சிருந்தார் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு மேஜையைத் துடைத்தாள்.

சாயங்காலம் அந்த அதிகாரியே கூப்பிட்டாள். கணக்கை முடக்கியாகிவிட்டது. திருடர்கள் அவருடைய நிஜமான கணக்குக்குள்ளேயே புகுந்திருக்கிறார்கள். அவர் பிறருக்கு அனுப்பிய பழைய மெயில்களையெல்லாம் படித்து, அவர் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்கள். ஸ்டுடியோவுக்கு வந்துபோனவர்கள், நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று அவரைத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் அதைத் தொட்டிருக்கிறார்கள். முதலில் வந்த புகார் அம்மாவுடையது. அதனால்தான் மிச்சப் பேர் தப்பினார்கள்.

"எங்க ஆட்களே அசந்துபோயிட்டாங்கம்மா, ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியல. நீங்க படிச்சதுமே எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சொன்னா மத்தவங்களுக்கும் உதவியா இருக்கும்."

அம்மா அறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். மகள் அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் வராமல் அறைக்கதவைச் சாத்திவிட்டு, பால்கனிக்குப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இது மத்தவங்களுக்கு உதவாதும்மா. 'சாப்பிடுறியா'ன்னு கேட்டிருந்தது. அவர் ஊர்ல எல்லாரையும் அப்படிக் கேப்பார். என்னை ஒரு நாளும் கேட்டதில்ல."