மண்டித் தராசுக்கு வந்த உதறல்

அரிசி மண்டி முதலாளி ஆவுடையப்பன் அமைச்சராகிவிட்டார். பிறந்தநாளுக்கு அவர் எடைக்கு எடை சர்க்கரையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்க, மண்டியின் பழைய தராசையே மேடையேற்றினார்கள். தராசுக்கு ஒரே உதறல். சரக்குத் தட்டின் அடியில் அந்தக் காலத்தில் முதலாளி ஒட்டிய இரண்டு கிலோ புளி அப்படியே இருந்தது.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க சர்க்கரையிலயும் ரெண்டு கிலோ அடிக்கணுமா?" என்று கூட வந்த எடைக்கல்லிடம் புலம்பியது.

தொண்டர்களோ அந்தத் தட்டுக்குத்தான் மாலை கட்டியிருந்தார்கள். அமைச்சர் அதிலேயே சிரித்தபடி உட்கார்ந்தார். எதிர்த்தட்டில் அவர் எடைக்கு மேலும் இரண்டு கிலோ சர்க்கரை ஏறிய பிறகுதான் முள் நேரானது.

"அப்பாடா!" என்றது தராசு.

"புளி அவருக்கு ஞாபகம் வந்திருக்குமா?" என்றது எடைக்கல்.

"பாதியிலேயே வந்திருச்சு. சிரிப்பு நின்னுச்சே, பாக்கல? ஆனா மைக் முன்னாடி எப்படிச் சொல்வாரு?"