கடகட விசிறி

“ஏங்க, ஃபேன் மறுபடியும் கடகடங்குது! ஆகாயத்துல விமானத்தைப் பறக்கவிட்ட மனுஷன், ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டி மேய்ச்சவரு, வீட்டு டேபிள் ஃபேனைச் சரிபண்ண மாட்டீங்களா?”

ஓய்வுபெற்ற துணைவேந்தர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எனக்கு அதெல்லாம் வராதும்மா. நம்ம மெக்கானிக்கைக் கூப்பிடு.”

மெக்கானிக் வந்தார். அந்தக் காலத்து விமான ஆய்வுக்கூடத்தில் இவரோடு கையெல்லாம் எண்ணெயாக நின்றவர். கூச்சக்காரர், வேலை என்று கூப்பிடாமல் இந்த வீட்டுப் படியேற மாட்டார்.

திருகாணியை முடுக்க ஒரு நிமிடம்தான் ஆனது. பேச்சு பொழுது சாயும்வரை நீண்டது.

“விண்ட் டன்னல்ல காத்தை வேகமா விட்டதும் மாடல் விமானத்தோட வால் பிச்சுக்கிட்டுப் பறந்துச்சே, ஞாபகமிருக்கா சார்?”

“மறப்பேனா? நாம செஞ்சதுலயே முதல்ல பறந்தது அந்த வால்தான்யா!”

பதவிக்காலம் முடிந்தபின், மெக்கானிக் வராத நாட்களில் இந்த வீடு கேட்காத சிரிப்பு. காபி டம்ளர்களை எடுக்க வந்த மனைவி, கேட்டும் கேட்காததுபோல உள்ளே போனாள்.

மெக்கானிக்கை வழியனுப்பிவிட்டு வந்த கணவர், விசிறியைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார்.

“அடுத்த வாரம் பக்கத்து ஸ்க்ரூவை லூஸ் பண்ணும்மா. இதையே திருகித் திருகி மரையைத் தேய்ச்சுட்டே.”