பூபதி வைத்த மூன்று விநாடி

ஐந்து மணிக்குள் பதில் எழுத வேண்டும்.

இப்போது மூன்றே கால்.

ஐதராபாத்திலிருந்து வந்த கடிதத்தை அவள் பத்தாவது முறையாகத் திறந்து மூடினாள். புது வேலை. இப்போது வாங்குவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சம்பளம். வேறு யாராவதாக இருந்தால் காலையிலேயே சரி என்று எழுதிவிட்டு, மத்தியானம் பிரியாணி சாப்பிடப் போயிருப்பார்கள்.

அவள் கொண்டுவந்த தயிர்சாதத்தைக்கூட முழுதாகச் சாப்பிடவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு மாடி அலுவலகம். பதினான்கு பேர் உட்கார்ந்து நூற்பாலைகளுக்கு வருகைப்பதிவு மென்பொருள் எழுதுகிறார்கள். பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறாள். இந்தக் கம்பெனி யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் தவறியதில்லை. ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குக் கையில் காபி.

இதையெல்லாம் விட்டுப் போக வேண்டுமா என்றுதான் யோசிக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

அம்மாவும் நம்பிவிட்டாள்.

முன்பு இங்கே வேலை பார்த்த பூபதி எழுதிய ப்ரோகிராம் ஃபைலை அவள் திறந்தாள்.

மில் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் தொழிலாளி விரலை வைத்ததும் திரையில் அவர் பெயர் வர வேண்டும். ரேகையைக் கண்டுபிடிப்பதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனாலும் பெயர் வராது. மூன்று விநாடி நில் என்று பூபதி ஒரு வரி எழுதி வைத்திருந்தான். அதற்கு மேல் ஒரு குறிப்பு.

இதைத் தொட வேண்டாம் – பூபதி.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, பெங்களூரில் நல்ல சம்பளம் என்று கிளம்பினான். கடைசி நாள் அவள் மேஜைப் பக்கம் வந்து நின்றான். என்னவோ சொல்லப்போகிறான் என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

“அந்த மூணு செகண்ட மட்டும் எடுத்துறாதீங்க. எதுக்கு வெச்சேன்னு எனக்கே மறந்துபோச்சுங்க.”

அவ்வளவுதான். பெரிய காதல் வசனம்.

போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னான். கூப்பிடவில்லை.

ஆனால் இங்கிருந்து போனவர்கள் திரும்பி வந்ததுண்டு. இரண்டு பேர். பெரிய ஊர் ஒத்துக்கொள்ளாமல் வந்து நின்றார்கள். முதலாளி சம்பத் சார் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய நாற்காலியையே கொடுத்தார். மூன்றாவதாக இன்னொருவன் வரக்கூடாதா? வருகிற அன்றைக்குப் பார்த்து அவள் இந்த மேஜையில் இல்லாமல் போனால்?

இந்த அற்ப ஆசையில்தான் ஒன்பது வருஷம் ஓடியிருந்தது.

மில்காரர்கள் ஃபோனில் கத்தாத மாதம் கிடையாது. ஷிப்ட் மாறும்போது வரிசை தெருவரைக்கும் நிற்கிறது என்பார்கள். மிஷின் சரிபார்க்க நேரம் வேண்டாமா சார் என்று அவள் கூசாமல் பதில் சொல்வாள். முப்பது மில், ஆறாயிரம் பேர். தினமும் அவளுக்காக விரலை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றே முக்கால்.

அவள் அந்த வரியை அழித்தாள். தன் கணினியில் மட்டும். சும்மா பார்க்கலாம் என்றுதான்.

மேஜை மேல் சோதனைக்கு வைத்திருந்த இயந்திரத்தில் விரலை வைத்தாள்.

பெயர் வந்தது.

உடனே வந்தது.

மறுபடி வைத்தாள். மறுபடியும் வந்தது. ஒரு மில்லின் போன மாத வருகை முழுவதையும் ஓட்டிப் பார்த்தாள். ஒரு ஆள்கூட விட்டுப்போகவில்லை. எங்காவது ஒரு பிழை, சிவப்பில் ஒரே ஒரு வரி வராதா என்று கடைசிவரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரியாக இருந்தது.

எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து அவள் அதைத் தொடாமல் இருக்கவில்லை. எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிடுமே என்றுதான் பயந்திருந்தாள். இப்போது தெரிந்துவிட்டது. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ப்ரோகிராமில் எதை மாற்றினாலும் சீட்டு எழுத வேண்டும். என்ன மாற்றம், என்ன காரணம், கீழே சம்பத் சார் கையெழுத்து. கம்ப்யூட்டர் கம்பெனியில் காகிதச் சீட்டா என்று சிரிக்காத ஆள் கிடையாது. சார் ஒரு காலத்தில் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். சீட்டில்லாமல் ஒரு நூல்கண்டுகூட நகரக் கூடாது அவருக்கு.

அவள் எழுதினாள்.

மாற்றம்: மூன்று விநாடி நிறுத்தம் நீக்கப்பட்டது.

காரணம்:

அங்கே பேனா நின்றது. வெகுநேரம் நின்றது. கடைசியில் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

சம்பத் சார் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். காரணம் இல்லாத சீட்டை அவர் திருப்பி அனுப்பாமல் விட்டதே இல்லை. முதல் தடவையாகப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

ஐதராபாத் கடிதத்தைப் பற்றி அவள் இங்கே யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. தான் இன்னும் முடிவே செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் சீட்டை நீட்டினார்.

“வேலை எந்த ஊருல கண்ணு?”

அவள் சீட்டை வாங்கி நான்காக மடித்தாள்.

“பெங்களூர் இல்லீங்க சார்,” என்றாள்.