வாசனை இல்லாத அட்டை

மினியாபொலிஸில் மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் விருந்தில் மேசைக்கு ஓர் ஆராய்ச்சியாளர். சூப் வருவதற்குள் டாக்டர் லிண்ட்குவிஸ்ட் தொடங்கிவிட்டார்.

“நடுக்குவாதத்துல, கை நடுங்குறதுக்குப் பல வருஷம் முன்னாடியே வாசனை தெரியாமப் போயிடும்.”

பையில் கலந்து கிடந்த வாசனைச் சோதனை அட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பக்கத்திலிருந்த விருந்தாளி டார்லீனிடம் நீட்டினார்.

“என்ன வாசனை, சொல்லுங்க?”

“ஆரஞ்சு!”

அவள் கணவரும் முகர்ந்தார். “ஆரஞ்சேதான்!”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “மாட்டிக்கிட்டீங்களா! அது வெறும் அட்டைங்க. வாசனையே கிடையாது. எல்லாம் மனசு பண்ற வேலை!”

மேசையே சிரித்தது. அவருடைய உதவியாளர் இங்கா மட்டும் முகம் வெளிறி, அவர் காதருகே குனிந்தாள்.

“வாசனை இல்லாத அட்டை ஒண்ணே ஒண்ணுதான், டாக்டர். அது என் கையில இருக்கு.”