தள்ளத் தள்ளத் திரும்பி வரும் மணி

பெண் பார்க்க வந்த அன்று மாடிப்படியில் வைத்து ஞானசேகர் கேட்டார்: “என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?”

“அப்புறம் கேக்குறேங்க” என்றாள் பூங்கோதை.

கேட்டால் சிரிப்பாரோ என்று அவள் தயங்கிய தயக்கத்தில் மகளே கல்லூரிக்குப் போய்விட்டாள். இப்போது ஞானசேகர் தன் மறதிக்கு மருந்தாக மூன்று நினைவூட்டல் செயலிகளைக் கைபேசியில் இறக்கி, ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பூங்கோதைதான் நடுவர். முதலாவது ஒருமுறை சிணுங்கிவிட்டு ஓய்ந்தது.

“இது நம்ம வீட்டுக்கு ஆகாது. ஒரு தடவை சொல்லி நீங்க என்னைக்கு எழுந்திரிச்சிருக்கீங்க?”

இரண்டாவது அவருடைய ஜாதகத்தையே கேட்டது, அழித்துவிட்டார். மூன்றாவதோ, ‘பிறகு’ என்று அவர் தள்ளத் தள்ள, திரும்பி வந்து உற்சாகமாக மணியடித்தது.

“கொஞ்சமாவது ரோஷம் இருக்கா பாரு இதுக்கு!” என்றார் அவர்.

பூங்கோதைக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது. “இதையே வெச்சுக்கோங்க” என்றாள்.

“சரி, முதல்ல எதைப் போட? கேஸ் புக் பண்ணவா?”

அவள் கீரையைக் கீழே வைத்தாள்.

“ஞாயித்துக்கிழமை, காலைல ஆறு மணி. எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுக்கணும். பின்னாடி பிடிச்சுக்கிட்டே வரணும். சொல்லாம கையை எடுத்துடக் கூடாது.”