தாவர எண்ணெய்

"என்னங்க, அந்தக் கண்ணாடி போட்ட அம்மா நிச்சயமா அதிகாரிதான்! ஒவ்வொரு டப்பாவா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. விலையும் கேக்கல, வாங்கவும் இல்ல."

கிரீம் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். அடுப்படியில் காய்ச்சி, முன்னறையில் வைத்து விற்கிற முகக் கிரீமுக்கு அவ்வளவு பேர்.

வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் டப்பாவுல ரோஜாப்பூ படமும் போன் நம்பரும்தானே இருக்கு? அதுல பாக்க என்ன இருக்கு?"

"அதானே பயமே!"

"நான்தான் அப்பவே சொன்னேனே. தயாரிச்ச தேதி, கெடுற தேதி, விலாசம், உள்ள சேத்த அத்தனை பொருளும் போடணும். யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா விக்கிறவங்கதான் பொறுப்பு. கடைக்குச் சீல் வச்சிட்டா, நீயும் என்கூட உக்காந்து டிவி பாக்க வேண்டியதுதான்."

அக்கா அன்றைக்கே லேபிளை எழுதி அச்சடிக்கக் கொடுத்துவிட்டாள். அடித்து வந்ததை அவர் வாங்கிப் படித்தார்.

"தண்ணீர், தேன்மெழுகு, கற்றாழை, தாவர எண்ணெய்... எந்தத் தாவரம்?"

"மெதுவாப் பேசுங்க! பாதாம்னு போட்டா எதிர்க்கடைக்காரி நாளைக்கே காய்ச்சி இறக்கிடுவா. என் கிரீம்ல என்ன இருக்குன்னு எத்தனை வருஷமா மோப்பம் பிடிச்சிட்டுத் திரியறா, தெரியுமில்ல?"

"அதிகாரி கேட்டா?"

"பாதாம் மரம் தாவரம் இல்லாம பின்ன தண்டவாளமா?"

டப்பா டப்பாவாக ஒட்டி முடித்தாள். ஆனாலும் வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் லேபிள் தெரிகிற மாதிரி டப்பாக்களை அவசரமாகத் திருப்பி வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து அந்தம்மா வந்தே விட்டாள். எதிர்க்கடைக்காரி பெருக்குகிற சாக்கில் வெளியே வந்து, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தம்மா லேபிளை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"போன தடவை ஒண்ணுமே இல்லாம இருந்துச்சே. இப்ப எல்லாம் விவரமாப் போட்டிருக்கீங்க."

"ஆமாங்க மேடம். ஒண்ணு விடல."

"தாவர எண்ணெய்னா தேங்காய் எண்ணெய்தானே?"

"அ... அது மாதிரிதாங்க மேடம்."

"அப்பச் சரி. ஒண்ணு குடுங்க."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது அக்காவுக்கு. அதிகாரியே காசு கொடுத்து வாங்கிவிட்டாள், இனி எவனுக்குப் பயப்பட வேண்டும்?

"மேடம் எந்த ஆபீசுங்க?"

"ஆபீசா? நான் வீட்லதான் இருக்கேன்" என்று சிரித்த அந்தம்மா, வாசல் பக்கம் திரும்பி, "கண்ணு, வாடா, உனக்கு ஒண்ணு கிடைச்சிடுச்சு!" என்று கூப்பிட்டாள்.

பத்து வயதுப் பெண் ஒன்று துள்ளிக்கொண்டு ஓடி வந்தது.

"இவளுக்குக் கொட்டை வகையே ஆகாதுங்க. போன வருஷம் ஏதோ ஒரு கிரீமைத் தடவி, முகமெல்லாம் வீங்கி, மூச்சே நின்னுபோச்சு. பிழைச்சதே பெரிசு. அதுலேருந்து கடை கடையா லேபிளைப் படிச்சிட்டு அலையறேன். உங்களை நம்பித்தான்..."

அதற்குள் குழந்தை மூடியைத் திறந்துவிட்டது. விரல் கிரீமுக்குள் இறங்கப் போனது.

"தொடாதே கண்ணு! அது பாதாம் எண்ணெய்!"

பாய்ந்து டப்பாவைத் தட்டிவிட்ட கிரீம் அக்கா போட்ட சத்தத்தில், எதிர்க்கடைக்காரியின் கையிலிருந்த துடைப்பம் நழுவிக் கீழே விழுந்தது.